பாதியைத் தாண்டாத முள்

ஜனவரி 19, ஞாயிறு

திம்பம் மலையில் வண்டி கொதித்துவிட்டது. தாளவாடியில் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான், இவர், பாப்பா, அத்தை, நாலு பேரும் விடியும் முன்பே சத்தியமங்கலத்தில் இருந்து கிளம்பினோம். பாதி மலை ஏறுவதற்குள் முன்பக்கத்தில் இருந்து புகை புகையாக வந்தது. இவர் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தார். உள்ளே சோற்றுப் பானை கொதிப்பது மாதிரி சத்தம்.

அத்தை பாதை ஓரத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். "உங்கொப்பன் பழைய இரும்பை மினுக்கி எங்க தலையில கட்டீட்டாரு." பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த மலையில் சிறுத்தை உண்டு என்கிறார்கள். வந்தால் முதலில் யாரைத் தூக்கும் என்று யோசித்ததில் கொஞ்சம் மனசு ஆறியது.

இவர் பின்னால் இருந்து தண்ணீர் கேன் இரண்டை எடுத்து வந்தார். எங்கே போனாலும் அந்த இரண்டு கேனும் கூடவே வரும். சாமான் வைக்க இடமில்லை என்று நானும் கல்யாணமான நாளில் இருந்து சொல்லிப் பார்க்கிறேன். மலை ஏறும்போது ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடுவார், கேட்டால் பாப்பாவுக்குச் சளி பிடிக்கும் என்பார். நாலு வளைவுக்கு ஒரு தரம் டீ குடிக்கலாம் என்று நிறுத்தி பானெட் மேல் கையை வைத்துப் பார்ப்பார். மீட்டர் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? புகை வந்த நேரத்தில்கூட நான் எட்டிப் பார்த்தேன். சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேதான் நின்றது. அப்பா வண்டி கொடுத்தபோது சொன்னதும் அதுதான்: இந்த முள் பாதியைத் தாண்டினதே இல்லை கண்ணு, நம்பி ஓட்டு என்றார்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, திரும்பி இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டோம். கிரகப்பிரவேசச் சாப்பாடு போச்சு.

ஜனவரி 20, திங்கள்

காலையில் காபியோடு தீர்ப்பும் வந்தது. அடுத்த மாதம் பதினாறாம் தேதி பாப்பாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து. ஈரோட்டில் இருந்து அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் சீரோடு வருவார்கள். இவர்கள் பங்காளிகள் அத்தனை பேரும் இருப்பார்கள். அந்தச் சபையில் வைத்து அப்பாவிடம் கேட்கப் போகிறாராம் அத்தை. கல்யாணத்துக்குப் பேசினது புது வண்டி. கடைசி வாரத்தில் மண்டியில் வியாபாரம் படுத்துவிட்டது என்று தான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார் அப்பா. கொடுத்தபோதே அது கெட்டுப்போன வண்டி, தெரிந்தே ஏமாற்றினார் என்பது அத்தை கட்சி.

நான் சும்மா இருக்கவில்லை. வண்டியை நானே மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன், பழுது எங்கப்பா காலத்தில் வந்ததா இந்த வீட்டுக்கு வந்த பிறகு வந்ததா என்று கேட்டு வருகிறேன், அப்புறம் பேசலாம் என்றேன். அத்தை சரி என்று சொல்லிவிட்டார். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்து, காது குத்து முடியட்டுமே, அதற்கப்புறம் நானே பார்க்கிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் அப்புறம். இவருடைய உரக்கடையில் யூரியா லோடு இறங்குவதற்கு மட்டும் அப்புறம் கிடையாது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அர்த்தநாரி என்று அப்பா பேரைச் சொன்னால் எடை போடாமலே மூட்டையை வாங்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுசனைச் சபையில் நிறுத்துவதா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

ஜனவரி 23, வியாழன்

பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு, பண்ணாரி ரோட்டில் இருக்கும் இக்பால் அண்ணன் பட்டறைக்குப் போனேன். அண்ணனுக்கு வாய் ஓயாது. ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் அவர் மச்சான் துபாய் போன கதை முடிந்துவிட்டது. ரேடியேட்டர் ஹோஸ் குழாயில் கசிவு இருக்கிறது என்று மாற்றினார். தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு இறுகிக் கிடக்கிறது, நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு என்று பிடுங்கிக் குப்பையில் போட்டார். ஓட்டிப் பார்த்துவிட்டு, இனிமே ஊட்டிக்குக்கூடப் போகலாம் என்றார்.

ஹோஸும் வால்வும் போன வருசம்கூடக் கெட்டிருக்கலாம். அப்பாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நல்ல மனநிலையில் வீட்டுக்கு வந்து எலுமிச்சை சாதம் செய்தேன். இவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

ஜனவரி 27, திங்கள்

ஊட்டியாவது ஒன்றாவது. வெறும் வண்டியை இக்பால் அண்ணன் மலையில் ஏற்றிப் பார்த்திருக்கிறார், பழைய இடம்கூட வரவில்லை, பொங்கிவிட்டது. அவருக்கே ஆச்சரியம். முள் சாதுவாக நிற்கிறது, எஞ்சின் அடுப்பாகக் கிடக்கிறது, எனக்கு ஒண்ணும் புரியல தங்கச்சி என்றார். புரியாததைப் புரியவில்லை என்று சொன்னவரை என்ன செய்வது.

ரேடியேட்டரைக் கழற்றி சுத்தம் செய்யக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். கம்பி விட்டுக் குத்தியதும் குழாயில் இருந்து மஞ்சள் மஞ்சளாகச் சகதி வந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். எனக்கா தெரியாது? மண்டி வீட்டில் பிறந்தவள். நல்ல விரலி மஞ்சள் தூள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கொடுக்கும் முன்பு அப்பா இந்த வண்டியை பண்ணாரி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட்டார். மகள் ஏறும் வண்டி என்று மஞ்சள் நீரை எஞ்சினுக்குள்ளேயும் ஊற்றியிருக்கிறார். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எந்த அப்பா செய்வார்?

வீட்டில் இதைச் சொன்னேன். அத்தை மூக்கைச் சுளித்தார். இவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பாசம் என்றால் சிலருக்குக் கூச்சம்.

ஜனவரி 28, செவ்வாய்

இக்பால் அண்ணன் என் பூஜைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிச் சிரித்தார். ரேடியேட்டர் ஒழுகினால் லாரிக்காரர்கள் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடுவார்களாம். தண்ணீரில் ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். இதில் அரைக்கிலோ இருக்கும் தங்கச்சி என்றார்.

சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். ஏலம் நடந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. மஞ்சளைப் பற்றிக் கேட்டதும், பழைய டிரைவர் பழனி ஏதாவது போட்டிருப்பான் கண்ணு, அவன் ஒரு அரைக்கிறுக்கன் என்றார். பாப்பாவுக்கு என்ன மாதிரித் தோடு வேண்டும் என்று கேட்டார். பழனிதான். எங்கம்மாவிடம்கூடப் பொய்க் கணக்குச் சொல்லி மாட்டியவன். இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை அளவு கொடுத்தேன். அத்தை நூலிழை மாதிரி ஒரு வளையம் போதும் என்கிறார். அப்பா ஜிமிக்கியே கொண்டு வருவார், பார்க்கட்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டினார் இக்பால் அண்ணன். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, எஞ்சின் தலையையே பிரிக்க வேண்டும் என்றார். பிரித்தால்தான் எத்தனை நாள் பழுது என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அப்படியானால் பிரியுங்கள் என்றேன்.

இதைச் சொன்னபோது இவர் முகம் மாறியது. பிரிக்க வேண்டாம்னு சொல்லு, மலைக்குப் போகாமல் வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்றார். நான் ஏன் என்று கேட்டேன். பிரித்தால் தேவையில்லாத பேச்செல்லாம் வரும் என்றார்.

யாருக்குத் தேவையில்லாத பேச்சு? தண்ணீர் பார்க்காமல் ஓட்டிக் கெடுத்தது தெரிந்துவிடும் என்ற பயம். ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூடு குறையும் என்று அண்ணன் சொன்னார். கேனும் ஹீட்டரும் கையை வைத்துப் பார்ப்பதும் எதற்கென்று இப்போது புரிகிறது. தான் கெடுத்தது தனக்குத் தெரியும். அம்மா முன்னால் என் அப்பாவைத் திட்டவிட்டு இத்தனை நாளும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். இந்த மனுசனுக்கா நான் எலுமிச்சை சாதம் செய்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை. பாப்பாவுக்கு லேசாகச் சளி.

பிப்ரவரி 8, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது.

நேற்று பட்டறையில் எஞ்சின் தலை தனியாக மேசை மேல் கிடந்தது. கேஸ்கட் கருகி அப்பளமாக நொறுங்கியது. தலை வளைந்திருக்கிறது, லேத்துக்குக் கொடுத்துத் தேய்த்து வாங்க வேண்டும் என்றார் அண்ணன். வளைந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு முறை தேய்த்த தடம் இருந்ததைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு யாரும் பிரிக்கவில்லை, அது எனக்கே தெரியும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த முள் ஏன் ஏறவில்லை என்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. சூட்டை அளக்கும் சென்சார் நன்றாக இருந்தது. மீட்டர் போர்டைக் கழற்றி முன்னால் இழுத்தார். பின்பக்கத்து ஒயரில் கறுப்பு டேப் சுற்றி இருந்தது. பிரித்தார். அரிசி அளவுக்கு ஒரு பொருள், டிவி ரிப்பேர்க் கடையில் கொட்டிக் கிடக்குமே, ரெசிஸ்டர், அதை ஒயருக்கு நடுவில் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இது இருந்தால் எஞ்சின் பற்றி எரிந்தாலும் முள் பாதியைத் தாண்டாது என்றார்.

"இது கெட்டுப்போனது இல்ல தங்கச்சி, செஞ்சு வெச்சது. வண்டியக் கை மாத்தி விடறப்ப செய்யற வேலை. வாங்கறவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியக் கூடாதில்ல."

பழனி செய்திருப்பானா என்று கேட்டேன். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு இதில் என்ன லாபம் என்று திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் மச்சான் துபாய்க் கதையைத் தொடங்கினார். நான் காதில் வாங்கவில்லை. அந்த டேப் ஒட்டிய ஒயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருசத்துக்கு முன்பு நான் முழுகாமல் இருந்தபோது இந்த வண்டியில்தான் கோயமுத்தூருக்கும் சத்திக்கும் போய் வந்தேன்.

அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள், வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் அத்தை கேட்டார். மெக்கானிக் என்ன சொன்னான், யார் காலத்துப் பழுது என்று.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "தண்ணி பாக்காம ஓட்டுனதுதான் அத்தை. ஹெட் வளைஞ்சது இந்த வீட்டுக்கு வந்த பொறகுதானாம். குடுக்கறப்ப வண்டி நல்லாத்தான் இருந்துருக்குதுன்னு சொல்றாரு."

இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மெக்கானிக்கே சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். அத்தை மகனைப் பார்த்து, கல்யாணம் பண்ணி வைத்தால் மட்டும் பொறுப்பு வந்துவிடுமா என்று ஆரம்பித்தார். இத்தனை நாள் என் பக்கம் வந்ததெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு வாரம் திட்டுவார், மறந்துவிடுவார். பெற்ற மகன்தானே. என் அப்பா அப்படி இல்லை. சபையில் ஒரு தரம் தலை குனிந்தால் மண்டியில் அவர் மூட்டையை நாளைக்கு எடை போடாமல் வாங்க மாட்டார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பட்டறையில் இருந்து வண்டி வந்தது. அத்தை வெல்லப் பூரணம் நிறைய வைத்து ஒப்புட்டு சுட்டார். முதல் ஒப்புட்டு எனக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

காது குத்து நன்றாக நடந்தது. தம்பி மடியில் உட்கார்ந்து பாப்பா ஊரைக் கூட்டினாள். அப்பா ஜிமிக்கியே கொண்டுவந்திருந்தார். சீர்த் தட்டுகளைப் பார்த்து இவர்கள் பங்காளிகள் வாயடைத்துப் போனார்கள்.

பந்தியில் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னார்: தங்கமாட்டம் வண்டி குடுத்தீங்க சம்பந்தி, என்ற மகன்தான் தண்ணிகூடப் பாக்காம கெடுத்துப் போட்டான். பந்தி சிரித்தது. அப்பாவும் சிரித்தார். இலையில் இருந்து கையை எடுத்து இவரைப் பார்த்து, "வண்டின்னா பொண்டாட்டி மாதிரி மாப்ள, தெனமும் ஒரு பார்வை பாக்கோணும்" என்றார். எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். இவர், சரிங்க மாமா, இனிமேல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாயசம் வாங்கிக்கொண்டார்.

அப்பா கை கழுவப் போனபோது பின்னாலேயே போனேன். கோயில் கிணற்றடியில் யாரும் இல்லை. மீட்டருக்குப் பின்னால் ரெசிஸ்டர் வைத்தது நீங்களா என்று நேராகவே கேட்டேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் நம்பியும் இருப்பேன்.

"உனக்கா கண்ணு குடுத்தேன்? அவங்களுக்குத்தான குடுத்தேன். வியாபாரம் படுத்த நேரத்துலயும் பேசுன வண்டி வேணும்னு கழுத்துல துண்டப் போட்டாங்க. நான் வேற என்ன பண்ணட்டும்?"

அதில்தான் நானும் உங்கள் பேத்தியும் மலை ஏறிப் போகிறோம் என்றேன்.

"மலைக்கெல்லாம் ஏன் சாமி போறீங்க?" என்றார்.

தம்பி கூப்பிட்டான், ஃபோட்டோ எடுக்க. அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். நான் சிரித்திருக்கிறேனாம், தம்பி காட்டினான்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் இவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்திருந்தது. தண்ணீர் கேன் இரண்டையும் எடுத்து மாட்டுத் தொட்டி ஓரம் வைத்திருந்தார். இனிமேல் வேண்டாமா என்று கேட்டேன். முள் இப்போது சரியாகக் காட்டுகிறதே, எதற்கு என்றார்.

முள்ளைப் பற்றி நான் இந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இக்பால் அண்ணன் சொன்னாரா என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்லல. கல்யாணமான வருசமே எனக்குத் தெரியும். மீட்டர் பல்ப் மாத்தறப்ப பாத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்றேன். குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"சொன்னா அம்மா உன்னை என்ன பேசுவாங்கன்னு தெரியாதா? அது உங்கப்பா பண்ணுனது. உன்ற மேல தப்பு இல்லைன்னுதான் இத்தனை நாள் வாய மூடீட்டு இருந்தேன்."

துணியைப் பிழிந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். என் மேல் இப்போது தப்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பாப்பா காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எண்ணெய் வைக்க உள்ளே போனேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வண்டிச் சாவி ஷோகேஸில் தொங்குகிறது. இவர் கடைக்கு டவுன் பஸ்ஸில் போகிறார். கேட்டால் பார்க்கிங் சிரமம் என்கிறார். மூன்று வருசமாக இல்லாத சிரமம்.

என்னிடம் பேசுவதில் குறை ஒன்றும் இல்லை. பால் வாங்கணுமா, பாப்பாவுக்கு மருந்து கொடுத்தாயா, கரண்ட் பில் வந்ததா, எல்லாம் கேட்கிறார். அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அத்தையின் தங்கை குடும்பம் கோபியில் இருந்து வந்திருந்தது. மத்தியானம் எல்லோருக்கும் இலை போட்டேன். பேச்சு வண்டிப் பக்கம் வந்தது. அத்தை உற்சாகமாக ஆரம்பித்தார். எங்க சம்பந்தி மாதிரி ஒரு மனுசன் கிடைக்க மாட்டார், தான் ஓட்டின வண்டியைப் பெண்ணுக்காக எடுத்துக் கொடுத்தவர், அதைப் பார்த்து ஓட்டத்தான் என் மகனுக்குத் துப்பில்லை என்றார். கல்யாணமானதில் இருந்து இந்த வாயில் இருந்து அப்பாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போது யார் வந்தாலும் சொல்கிறார். போன வாரம் பால்காரரிடம்கூடச் சொன்னார்.

இவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அத்தை என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு கோகிலா, அந்த மெக்கானிக் என்ன சொன்னான்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தண்ணி பாக்காம ஓட்டுனதுதான்னு சொன்னாருங்க அத்தை என்றேன்.